இருவாச்சித் தைலம்

அத்திப்பழத்தைப் பிதுக்கி அலகுக்கு நேரே நீட்டினான் மணிமுத்து. குஞ்சு வாயைத் திறக்கவில்லை. அரையும் குறையுமாக முளைத்த இறகு, உடம்புக்குப் பொருந்தாத அலகு, இமைக்காமல் பார்க்கிற கண். கெஞ்சிப் பார்த்தான், "தின்னு தொலையேன் மூதி" என்று ஏசியும் பார்த்தான். குற்றாலத்து அருவிக்கரையில் பதினெட்டு வருஷமாக எண்ணெய் தேய்க்கிறவன். எப்பேர்ப்பட்ட வீம்பு பிடித்த தோள்பட்டையும் அவன் கட்டைவிரலுக்கு இளகிக் கொடுத்துவிடும். இந்தப் பொடிசு இளகுவதாக இல்லை.

கட்டிலில் படுத்தவாறே காளீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தங்காமல் போனதால், இந்தத் தடவை கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "ஏங்க, இது பிழைச்சிரும்லா?" என்றாள். குஞ்சைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் கை வயிற்றின்மேல் இருந்தது. அதைப் பார்த்ததும் மணிமுத்துவுக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது: இது பிழைத்தால் அதுவும் பிழைக்கும். இப்படியெல்லாம் நினைக்கக் கூடாதென்று அவனுக்குத் தெரியாதா என்ன? வந்த நினைப்பை யாரால் துரத்த முடியும்!

வழி சொன்னவர் பழக்கடை முகம்மது யூசுப். புளியரைப் பக்கத்துக்காரர், மலைச் சங்கதி தெரிந்தவர். "ஏலே, இது இருவாச்சிக் குஞ்சுல்லா! தாயும் பிள்ளையும் மரப்பொந்துக்குள்ள இருந்துக்கிட்டு வாசலை அடைச்சிரும். ஒரு கீறல்தான் பாக்கி. தகப்பன் வெளிய இருந்து அது வழியாத்தான் ஊட்டும். நீ வெட்டவெளியில வச்சு நீட்டுனா அதுக்கு எப்படிலே தெரியும்? பெட்டியில போட்டு அடை. ஒரு கீறல் விடு." அதோடு விட்டாரா? "தகப்பன் எங்கலே? இருந்தா தேடி வந்திருமே" என்றார்.

"மரம் சாஞ்சு கெடந்துச்சு பாய். தகப்பனைக் காணல" என்றான் மணிமுத்து. காளீஸ்வரியிடம் சொன்னதும் இதே பொய்தான்.

ஐந்தாம் மாதத்திலிருந்தே அவளுக்கு இடுப்பு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். ஊரார் மூட்டுக்கெல்லாம் மருந்தாகிற கை, கட்டின பெண்டாட்டி இடுப்புக்கு உதவவில்லையே என்ற வெட்கம் அவனைத் தின்றது. இருவாச்சிக் கொழுப்பை உருக்கித் தேய்த்தால் எந்த வலியும் நிற்கும் என்று தொழிலில் பழையவர்கள் காதோடு காதாகச் சொல்லுவார்கள். சித்திரையில் ஒருநாள் மலையேறினான். அடைத்த பொந்துக்கு எதிரே, உச்சிப்பொழுதுக்கு ஆண்பறவை வந்து உட்காரும் கிளையை முன்னமே பார்த்துவைத்திருந்தான். வாய் நிறையப் பழத்தோடு வந்து உட்கார்ந்தது. ஒரே கல். கீழே விழுந்தபிறகும் அலகிலிருந்து ஒவ்வொரு பழமாக உருண்டுகொண்டிருந்தது. இறகை எரித்தான், கொழுப்பை உருக்கினான், நொச்சித் தைலம் என்று சொல்லித் தேய்த்தான். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. காளீஸ்வரி எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். ஐந்தாம் நாள்தான் அவனுக்குப் பொந்து ஞாபகம் வந்தது. ஓடினான். அடைப்பை உடைத்தபோது தாய் செத்துக் கிடந்தது. இறக்கைக்கு அடியில் இது மட்டும் சூடாக இருந்தது.

யூசுப் சொன்னபடி பழப்பெட்டியில் போட்டு மூடி, ஒரு கீறல் விட்டதும் குஞ்சு தின்றது. அடேயப்பா, என்ன தீனி! பெட்டியைக் காளீஸ்வரியின் அறையில், கட்டிலிலிருந்து எட்டுகிற ஜன்னல் திண்டில், கீறல் வெளியே பார்க்க வைத்தான். காலையிலும் சாயங்காலமும் வீட்டுக்கு வெளியே சந்தில் நின்று ஜன்னல் வழியாக ஊட்டினான். இரண்டே நாளில் குஞ்சு தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்துக் கீறலின் ஓரமெல்லாம் உள்ளிருந்தே பூசிக்கொண்டது. காளீஸ்வரியின் முகம் தெளிந்தது. அதற்குப் பேர்கூட வைத்திருப்பாள் போல, அவனிடம் சொல்லவில்லை.

வைகாசிக் கடைசியில் சாரல் விழுந்தது. சீசன் கூட்டம் வந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து பழத்தை நீட்டினால் குஞ்சு வாங்கவில்லை.

"அதுக்கு வயிறு நெறஞ்சிட்டு" என்றாள் காளீஸ்வரி. "மத்தியானம் அப்பன் வந்து ஊட்டிட்டுப் போச்சுல்லா."

"எந்த அப்பன்?"

"இதோட அப்பன்தான். நாலு நாளா வருது. ரயிலு வாற மாதிரி இறக்கைச் சத்தம். அப்புறம் ஜன்னலைத் தட்டும்."

அது வராது என்று சொல்லலாம். ஏன் வராது என்று கேட்பாளே! திண்டில் ஓர் அத்திப்பழம் இருந்தது. அவன் கொண்டுவராத பழம். எடுத்து எறியப் போனான்.

"எறியாதீங்க. அது உங்களுக்கு. தினமும் ஒண்ணு வச்சிட்டுத்தான் போகுது."

எறிந்துவிட்டான். வேறு பறவையாக இருக்கும், மலையில் ஒரே ஒரு இருவாச்சியா இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மறுநாள் அவள் உதட்டோரம் கருஞ்சிவப்பாகப் பழச்சாறு. அதற்கு மறுநாள் அவன் ஆக்கிவைத்துப் போன சோறு தொடாமல் கிடந்தது. "எனக்கும் குடுக்குது. எனக்கு ஒண்ணு, உள்ள இருக்கதுக்கு ஒண்ணு" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொடுத்ததைச் சொல்வது போல. ஜன்னல் கதவை நாலு விரல் சந்துக்குமேல் திறக்க விடவில்லை. மற்ற இடுக்கிலெல்லாம் பழைய சேலையைக் கிழித்துத் திணித்திருந்தாள். அறைக்குள் பழம் நொதித்த வாடை, அதற்கு அடியில் அவனுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு வாடை. தைலக்குப்பியைக் கொண்டுபோய் ஓடையில் கொட்டினான். மறுநாளும் அவள் இடுப்பில் அந்த வாடை புதுசாகவே இருந்தது. ஜன்னலுக்கு ஆணி அடித்துவிடலாம் என்று சுத்தியல்கூட எடுத்தான். அன்றைக்குப் பார்த்து நர்ஸம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை நல்லா வளர்ந்திருக்கு, என்ன கொடுக்குதிய என்று மெச்சிவிட்டுப் போனார். சுத்தியலைப் பேசாமல் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை. அருவிக்கரையில் ஆள் மேல் ஆள் விழுகிற நாள். வேலைக்குப் போகவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் குந்தினான்.

"காளி, அதை நான்தான் கொன்னேன். உனக்குத் தேச்சது அதோட கொழுப்பு."

அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தான். "தெரியும்" என்றாள். "முதநாள் தேச்ச அன்னைக்கே தெரியும். தூக்கத்துல மரத்துக்குள்ள கெடந்தேன். வலி போச்சேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்."

"பின்ன வாறது யாருட்டி?"

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். தூரத்தில் ரயில் மாதிரி எழுந்த சத்தம் கூரைக்கு மேலே வந்து நின்றது. ஜன்னல் சந்து இருண்டது. டொக், டொக்.

"வந்துட்டாவ" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவன் வீட்டுக்கு வரும்போது அவள் சொல்கிற சொல் அது.

சந்து வழியாக அலகு உள்ளே வந்தது. அதன் மேலிருந்த கொண்டையின் ஓரத்தில் ஒரு பிளவு. கல் பட்ட இடம். குஞ்சுக்கு ஒரு பழம். கட்டிலை நோக்கி ஒன்று, இன்னொன்று. காளீஸ்வரி கழுத்தை நீட்டி வாங்கி, மெல்லாமல் விழுங்கினாள். பிறகு அலகு கீழே திரும்பியது. நுனியில் ஓர் அத்திப்பழம், அவன் முகத்துக்கு நேரே.

"வாங்குங்க" என்றாள். "இத்தனை நாளும் எறிஞ்சிய. இன்னைக்கும் வாங்கலைன்னா நாளைக்கு வராது. பிறகு எம்பிள்ளைக்கு யாரு குடுப்பா?"

"என்னால முடியாதுட்டி."

பெட்டிக்குள் குஞ்சு கத்தியது. சேலைக்கு அடியில் பிள்ளை புரண்டது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. அலகு நகரவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம் சிவந்த கண் ஒன்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கோபம் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. பசித்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. மணிமுத்து முட்டிபோட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தான். தலையைப் பின்னால் சாய்த்தான். கண்ணை மூடிக்கொள்ள நினைத்தான், மூட முடியவில்லை. வாயைத் திறந்தான்.