ஏழாம் நம்பர் மெஷினில் ஒரு பேன்ட்

என் தம்பிக்கு வேண்டாததைக் கழித்துக் கட்டுவதில் ஒரு வெறி. மழை இல்லாத மாதத்தில் குடையைத் தூக்கிப் போடுவான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் மூன்றாவது நாற்காலி எதற்கு என்று ஒருநாள் அதையும் யாருக்கோ கொடுத்துவிட்டான். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் நான் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். என் லாண்டரிக் கடையில் மெஷின் கதவுகளைக் கையால் திறக்க ஒரு சாவி இருந்தது. யாரும் தொடுவதே இல்லை என்று அதையும் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பிவிட்டான்.

சாவிக்குப் பதிலாகச் சுவரில் ஒரு டேப்லெட்டை மாட்டினான். மெஷின் நம்பரைத் தட்டினால் கதவு திறக்கும். அதற்கான நிரலை அவனே எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொட்டலம் கட்டி, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜாக இணையத்திலும் வெளியிட்டிருந்தான். அந்தப் பேக்கேஜில் இரண்டு விதச் சரக்கு. ஒன்று, அவன் எழுதிய மூல ஃபைல்கள். எடுப்பவர்கள் தாங்களே தொகுத்து, ஓடுகிற வடிவத்துக்கு மாற்றித்தான் ஓட்ட வேண்டும். இன்னொன்று, பிரவுசர் அப்படியே ஓட்டுவதற்காக முன்கூட்டியே தயாரித்து வைத்த ஒரு ஃபைல். இந்த இரண்டாவது அவன் கண்ணை எவ்வளவு நாளாக உறுத்தியதோ, எனக்குத் தெரியாது.

அன்று ஒரு பேருந்து ஓட்டுநர் கடைக்குள் ஓடி வந்தார். வழியில் ஒரு குழந்தை அவர் யூனிஃபார்ம் பேன்ட் முழுக்க வாந்தி எடுத்திருந்தது. பேருந்து எதிரில் நின்றது, பயணிகளோடு. யூனிஃபார்ம் இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொட்டால் வேலை போய்விடும், ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியாகிவிட்டது என்றார். நான் கொடுத்த பூப்போட்ட போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏழாம் நம்பர் மெஷின் முன்னால் நின்றார். மெஷின் துவைத்து ஓய்ந்தது. டேப்லெட்டில் ஏழைத் தட்டப் போனேன். திரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

பின்னறையிலிருந்து தம்பி வந்தான். அப்போதுதான் குளித்தவன் மாதிரி முகத்தில் ஒரு களை.

"புது வெர்ஷன் விட்டாச்சுக்கா. அந்த ரெடிமேட் ஃபைலைத் தூக்கிட்டேன். பேக்கேஜ் பாதியா இளைச்சுப் போச்சு."

"ஏழாம் நம்பர் கதவு திறக்கலடா."

"வாயால சொன்னா எப்படிக்கா? பேக்கேஜோட இன்டர்நெட் பக்கத்துல அவரைப் புகாரா எழுதச் சொல்லு. அப்பதான் நான் பாக்க முடியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுநரோ விதி என்றால் நடுங்குகிறவர். ஒரு கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் எழுதினார்: "என் பேன்ட் வரவில்லை." பக்கத்திலேயே நின்ற என் தம்பி தன் போனில் அதைப் படித்து, தன் போனிலேயே பதில் எழுதினான்: "சிக்கல் மறுபடி நிகழ்வதற்கான படிகளைத் தரவும்."

ஓட்டுநர் யோசித்து யோசித்து எழுதினார்.

"படி ஒன்று: குழந்தை வாந்தி எடுக்க வேண்டும். படி இரண்டு: பேன்ட்டைக் கழற்றி ஏழாம் நம்பரில் போட வேண்டும். படி மூன்று: காத்திருக்க வேண்டும். எதிர்பார்த்தது: பேன்ட். கிடைத்தது: போர்வை."

"இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாருமே எழுதினதில்லக்கா," என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்தது.

வெளியே பயணிகளில் யாரோ ஹாரனை அழுத்த ஆரம்பித்தார்கள். அதற்குள் எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கிற, நரிவால் என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஆள் புகாருக்குக் கீழே மூக்கை நுழைத்தார். அந்த ஃபைலைத் திரும்பச் சேர்க்கக் கூடாதாம். அதை ஒருவராவது பயன்படுத்துகிறார் என்பதற்கு என்ன ஆதாரமாம்.

"நியாயமான கேள்விதான்," என்றான் தம்பி. "மாவைக் கொடுத்தா போதாதா? சுட்ட ரொட்டியையும் எதுக்குச் சேர்த்துக் கட்டணும்? அவங்கவங்க அடுப்புல சுட்டுக்கட்டுமே."

"என் கடையில அடுப்பு இல்லடா!" என்று கத்தினேன். "இந்தச் சுவத்துல தொங்குற சனியன் எங்கேருந்துடா ரொட்டி வாங்குது?"

அவன் டேப்லெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்டர்நெட்லேருந்துதான்... எப்பவும் கடைசி வெர்ஷன்ல இருக்கிற அந்த ரெடிமேட் ஃபைலைத்தான் எடுக்கும்... நான்தான்க்கா அப்படி எழுதி வச்சேன்."

தூக்கிய ஃபைலைத் திரும்பச் சேர்க்கப் பின்னறைக்கு ஓடினான். அதே நேரத்தில் கடைக்குள் நுழைந்தார் பேருந்துக் கம்பெனியின் செக்கர். போர்வையை மேலும் கீழும் பார்த்தார். ஓட்டுநர் தன் போனை நீட்டினார். செக்கர் படிகளைப் படித்தார். மூன்றாவது படியில் நிறுத்தி, மெஷின் கண்ணாடி வழியே பேன்ட்டைப் பார்த்துவிட்டு மேலே படித்தார்.

டேப்லெட்டுக்கு உயிர் வந்தது. ஏழைத் தட்டினேன். கதவு திறந்தது.

உலர்த்த ஏது நேரம்? ஓட்டுநர் சொட்டச் சொட்ட உடுத்திக்கொண்டு செக்கர் முன் வந்து நின்றார். காலடியில் குளம் கட்டியது.

"யூனிஃபார்ம் சுத்தமா இருக்கணும்," என்றார் செக்கர். "காஞ்சிருக்கணும்னு எங்கயும் போடல. கிளம்புங்க."

பேருந்து போனது. ஓட்டுநர் ஏறுவதற்கு முன் புகாருக்குக் கீழே எழுதியிருந்தார்: "பேன்ட் கிடைத்தது. ஈரம். நன்றி." தம்பி புகாரை முடித்து வைத்தான்.

"ஒரு வாரம் அறிவிப்பு போட்டிருந்தேன்க்கா," என்றான் மெதுவாக. "இதை யாராவது யூஸ் பண்றீங்களான்னு. ஒருத்தர்கூட வாயைத் திறக்கல."

"எங்க போட்ட?"

"பேக்கேஜோட பக்கத்துல."

"அந்த ஒரு வாரமும் உனக்கு எதிர்லதானடா உக்காந்து சாப்பிட்டேன். ஊர் உலகத்தையெல்லாம் கேட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேன்ட்டுக்காக அழவில்லை என்பது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். தரையில் கிடந்த தண்ணீரைத் துடைத்தான்.

மறுநாள் காலையில் வீட்டில் மூன்றாவது நாற்காலி ஒன்று இருந்தது. எங்கிருந்து பிடித்தான் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவன் போனை என் பக்கம் தள்ளினான். நரிவாலின் கேள்விக்குக் கீழே பதில் எழுதியிருந்தான்:

"இந்த ஃபைல் இனி எல்லா வெர்ஷனிலும் இருக்கும். ஆதாரம்: என் அக்கா."