பூரண சுகம் என்று சொன்ன பிறகு

அறுப்பின் பண்டிகையன்று, பூசணிக்காயும் சேவலும் ஏலத்துக்கு வருவதற்கு முன்னால், நைனா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். பெருங்குடலில் கட்டி இருந்ததையும் திருப்பதியில் ஆபரேஷன் நடந்ததையும் சொல்லி, "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் குடுத்துட்டாரு" என்று முடித்தார். பெண்கள் பக்கத்தில் அம்மா அழுதாள். எங்கள் சித்தூர் சபையில் சாட்சி சொன்னவர் அதைத் திருப்பி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பயாப்சி ரிப்போர்ட் அதற்கடுத்த வாரம்தான் வந்தது. அதை வாங்கத் திருப்பதிக்கு நான் மட்டும் போனேன். கட்டியை ஒட்டியிருந்த நிணநீர் முடிச்சுகள் சிலவற்றிலும் புற்று இருந்ததாக டாக்டர் பத்மினி சொன்னார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சத எடுத்தாச்சு கேசியா. தெரியாதது உடம்புல எங்கயாவது இருக்கலாம்."

"நைனாவுக்கு மறுபடியும் வருமா மேடம்?"

"அவருக்குன்னு தனியா சொல்ல என்னால ஆகாது. இவர மாதிரி நூறு பேர்னா சொல்லுவேன். சும்மா விட்டா பாதிப் பேருக்குத் திரும்பலாம். ஆறு மாசம் மருந்து ஏத்தினா முப்பத்தஞ்சு பேருக்கு. ஆனா தள்ளிப் போடக் கூடாது."

சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை கேட்டேன். அவரும் சலிக்காமல் அதையே சொன்னார்.

நைனா மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் பாய்லர் பார்ப்பவர். வீட்டில் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "வேணாம் பாப்பா" என்றார்.

"ஏன் நைனா?"

"பூரண சுகம்னு சொல்லிட்டு, மாசாமாசம் ஊசி போட்டுக்கினு வந்தா ஜனம் இன்னா பேசும்? டைட்டஸ் பொய்ச் சாட்சி சொன்னான்னுதான?"

அந்த வாரம் கம்ப்யூட்டர் கிளாஸில் சம்பளப் பட்டியல் போடச் சொல்லியிருந்தார்கள். நான் அதை விட்டுவிட்டு நூறு கட்டம் போட்டேன். ஒரு கட்டம் ஒரு ஆள், வியாதி திரும்புகிறவர்கள் கறுப்பு. மருந்து இல்லாத தாளில் ஐம்பது கறுப்பு, மருந்து ஏற்றிய தாளில் முப்பத்தைந்து. கறுப்பைக் கொஞ்சம் சாம்பல் நிறமாக்கலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியே பிரிண்ட் எடுத்தேன்.

நைனா முதல் தாளைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த வெள்ளைக் கட்டம் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இதான் நானு."

"அது நாமளா பாத்து உக்கார்ற எடம் இல்ல நைனா."

"பின்ன டிக்கெட் யாரு குடுப்பா? உன் கம்ப்யூட்டர் சாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல கறுப்பா இருந்து அதுல வெள்ளையா கீறவங்கோ யாரும்மே?"

"மருந்தால தப்பிச்சவங்கம்மா. அது யாருன்னு முன்னாடியே தெரியாது."

"அவங்களுக்காவது தெரியுமா, தாங்க தப்பிச்சோம்னு?"

"தெரியாது."

அம்மா தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஜெப விண்ணப்பம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்டதும், எனக்குப் பக்கத்தில் இருந்து அம்மா எழுந்தாள். அவள் பெயர் தபீதாள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சபையில் அவள் அதற்குமுன் வாய் திறந்ததில்லை.

"எங்க வீட்டுக்காரருக்காக ஜெபிக்கணும். ஆபரேஷன் நல்லா ஆச்சு. ஆனா வியாதி மறுபடியும் வரலாம்னு சொல்றாங்கோ. வராமலும் இருக்கலாமாம். ஆறு மாசம் மருந்து ஏத்தணும், அவரு வரமாட்டேன்றாரு. எனக்கு பயமா கீது."

உட்கார்ந்துவிட்டாள். நான் ஆண்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. நைனாவின் தொண்டைச் செருமல் கேட்ட பிறகுதான் திரும்பினேன். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அறுத்து எடுத்தாங்கோ, உயிரோட கீறேன், அது நெஜம். பூரண சுகம்னது நானா சேத்துக்கினது. அப்படித்தான் முடிக்கணும்னு நெனச்சேன்." அம்மா இருந்த பக்கம் பார்த்தார். "அவ பயப்படறது எனக்குத் தெரியல. செவ்வாக்கிழமை திருப்பதிக்குப் போறேன்."

பாடகர் குழுவிலிருந்து நேசகுமார் அண்ணன் குரல் வந்தது. "போய்ட்டு வா டைட்டஸு. வரும்போது லட்டு வாங்கிக்கினு வந்து சபையில குடுத்துடாத."

போதகருக்கே சிரிப்பு அடங்கச் சிறிது நேரமானது. அதன்பின் அவர் செய்த ஜெபத்தில் சுகம் என்ற சொல்லோடு மருந்து என்ற சொல்லும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நைனாவின் இடது கையில் ஊசி குத்தி மருந்தை ஏற்றினார்கள். கை சில்லிட்டுப் போகிறது என்றார். அம்மா அந்தக் கையைத் தன் புடவைத் தலைப்பால் மூடி, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஏர்பேட்டிலிருந்து வந்திருந்த வீராசாமி என்பவருக்கு அன்றுதான் முதல் தடவை. நைனாவுக்கும் முதல் தடவைதான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

"உனக்கு இன்னும் வியாதி கீதாண்ணா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். நைனா முந்திக்கொண்டார்.

"தெரியலப்பா. இருந்தாலும் இருக்கும். அதுக்குத்தான் வந்துகீறேன்."

சொல்லிவிட்டு, அம்மாவுக்கு உட்கார இடம் விட்டுக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.