முதல் பந்தி

டெல்லி ஆசியப் போட்டியில் விளையாட்டு வீரர்களின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவன் பால்பாண்டி. ஒன்பது வருஷம் வெளியூர் ஓட்டல்களில் குப்பை கொட்டியவன், எண்பத்து நாலில் மதுரை தல்லாகுளத்தில் நடந்த சர்வதேச வாலிபால் போட்டிக்கு உணவுக்கூட மேனேஜராக வந்து சேர்ந்தான். கழுத்தில் அட்டை, உடம்பில் கோட்டு. திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே கூரைவீட்டுத் தெருவில் பிறந்தவனுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? அம்மா மலையம்மாள் இன்னும் அங்கேதான் இருந்தாள், இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாக. போட்டி நல்லபடியாக முடிந்தால் அவளைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் நினைப்பு.

கடைசி நாள், ஆறு நாட்டு அணிகளுக்கும் இலை போட்டு நம்மூர் விருந்து. மூன்று மணிக்கு ஆட்டம் என்பதால் முதல் பந்தி வீரர்களுக்கு என்று முடிவு செய்திருந்தான்.

பன்னிரண்டரைக்கு வெள்ளைத்துரை வந்தார். போட்டிக்குப் பெரிய நன்கொடையாளர். பால்பாண்டியின் ஊர்ப் பண்ணையாரும் அவர்தான். கூடவே அக்கா மகன் மலையாண்டியும் நாலு தடியன்களும். யாரையும் கேட்காமல் முதல் இலையில் உட்கார்ந்தார்.

"ஐயா, இது ஆட்டக்காரங்களுக்கு. உங்களுக்கு அடுத்த பந்தி போட்டுத் தாரேன்."

சொன்ன பிறகுதான் பால்பாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். டெல்லியில் இது சாதாரணப் பேச்சு. மதுரைப் பக்கத்தில் பெரிய மனுஷனை அடுத்த பந்திக்கு இருக்கச் சொல்வது, நாலு பேர் பார்க்க அவரை அடிக்கச் செருப்பைக் கழற்றுவது மாதிரி. இந்த மண்ணில் பிறந்துவிட்டு அதையா மறப்பது!

வெள்ளைத்துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சின்னக்கருப்பன் மகன்தானடா?"

"ஆமாங்கய்யா."

"எங்க கொல்லையில சட்டி ஏந்துன பய, எனக்குப் பந்தி சொல்றியா?"

மலையாண்டி இரும்பு நாற்காலியை மடக்கி அவன் முதுகில் இறக்கினான். விழுந்தவனின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை எட்டி உதைத்தான். விரல்கள் முறிந்த சத்தம் பால்பாண்டிக்கே கேட்டது. வாசலில் நின்ற வெளிநாட்டு வீரர்கள் கத்தினார்கள். போட்டிக் கமிட்டிச் செயலாளர் ஓடி வந்து, அவர்களை ஓய்வறைக்குள் தள்ளிப் பூட்டினார். விருந்தாளிகளை அவ்வளவு நன்றாகக் கவனித்தார்!

"போலீஸக் கூப்பிடுங்க சார்" என்றான் பால்பாண்டி.

"அம்புட்டும் பேப்பர்ல வந்துரும்யா. கால்ல விழுந்து முடிச்சு விடு."

"விழலேன்னா இன்னிக்கே அவன் ஆத்தா குடிசையோட எரிவா" என்றார் வெள்ளைத்துரை.

பால்பாண்டி விழுந்தான். வெள்ளைத்துரை அவன் பிடரியில் காலை ஊன்றி, "தப்புத்தான் சாமி" என்று மூன்று தரம் சொல்ல வைத்தார். பிறகு அவனையே பரிமாறச் சொன்னார். முறிந்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் கரண்டி பிடித்தான். அவமானத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனாலும் அம்மா பிழைத்தாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மலையாண்டி எப்போதோ ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

வெள்ளைத்துரை ஊர்க்கதை பேசிப் பேசி ஒரு மணி நேரம் சாப்பிட்டார். இரண்டாம் தடவை பாயாசம் கேட்டபோது ஆபீஸ் அறையில் போன் அடித்தது. பால்பாண்டியின் மச்சான் சின்னான், திருப்பரங்குன்றத்துக் கடையிலிருந்து பேசினான்.

"மாப்ள, மலையாண்டி ஜீப்புல வந்து தீ வச்சுட்டான். கதவ வெளிய பூட்டிட்டாய்ங்க. அத்தையத் தூக்க முடியல மாப்ள..."

பால்பாண்டி போனை வைத்தான். அழுகை வரவில்லை. நேரே போய், இடது கையால் வெள்ளைத்துரையின் முடியைப் பிடித்து இலையிலிருந்து இழுத்துக் கீழே போட்டான். நெற்றியைச் சிமெண்டுத் தரையில் மோதினான். மறுபடி மோதினான். தடியன்கள் நாற்காலியால் அவன் முதுகிலும் தலையிலும் அடித்தார்கள். பிடியை அவன் விடவில்லை.

"உயிரு போயிரும்டா, விட்ருடா!" என்று செயலாளர் அலறினார்.

"விழுந்தேனே சார்" என்றான் பால்பாண்டி. "நீங்க சொன்னீங்கன்னுதான விழுந்தேன்."