வலது கண்: இயல்பு

குணசேகரன் பிரியாணி எலும்பைத் துப்பி வைத்த காகிதத்தில் ஒரு தாயின் கைநாட்டு இருந்தது.

பச்சைக் குழந்தையை ஆராய்ச்சியில் சேர்க்கச் சம்மதம் என்று எவளோ ஒருத்தி வைத்த கைநாட்டு. பிழையாக நிரப்பி ஒதுக்கிய படிவங்களிலிருந்து ஒன்றை உருவி, மேஜையில் விரித்துக்கொண்டு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செல்போன் கடை மாடியில் இருந்த அந்த ஆராய்ச்சி அலுவலகத்துக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர்.

"சொல்லும்மா அம்சா. இன்னா அவசரம்?"

"பள்ளிப்பட்டு தமிழ்செல்வி குழந்தை சார். முப்பத்தாறு நாள் ஆவுது. வலது கண்ணுல கருவிழி நடுவுல பாப்பா வெள்ளையா இருக்குது."

"நாம குடுத்த கார்டுல இன்னா போட்டுகீது?"

"இயல்புன்னு."

"அப்புறம் இன்னா?"

அம்சா அங்கே களப் பணியாளர். குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் வீட்டுக்கே போய், எடை போட்டு, தொப்புள் காயத்தைப் பார்த்து, இரண்டு கண்களையும் டேப்லெட்டால் படம் எடுக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் கண் நோயைக்கூட முதல் வாரத்திலேயே பிடிப்பதுதான் ஆராய்ச்சியின் நோக்கம். வெளிச்சம் அடித்தால் நல்ல கண்ணின் பாப்பா, நடுவிலிருக்கும் அந்தக் கருவட்டம், சிவப்பாக மின்னும். சிவப்பு விழவில்லையென்றால் டேப்லெட் படத்தை வாங்காது. 'தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று நிற்கும்.

ஒரு நாளைக்கு ஆறு வீடு. குழந்தைகளோ கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே பெண்கள் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று தடவை முயன்றும் ஒரு கண் விழவில்லையா? விழுந்த கண்ணையே இன்னொரு முறை எடு. டேப்லெட்டுக்கு வலது ஏது, இடது ஏது?

நோயுள்ள கண் சிவப்பு காட்டாது. எந்தக் கண்ணைத் தேடி ஊர் ஊராகப் போனார்களோ, அந்தக் கண்ணையே ஒதுக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். இது ஒருத்திக்கும் உறைக்கவில்லை. அம்சாவுக்கும் அன்று காலை வரை உறைக்கவில்லை.

காலையில் பள்ளிப்பட்டில் இரண்டாவது சோதனைக்குப் போனபோதுதான் அந்த வெள்ளையைப் பார்த்தாள். பழைய படங்களைத் தேடி எடுத்தாள். வலது கண், இடது கண். இரண்டிலும் இமையின் ஒரே மூலையில் ஒரே சிவப்பு மச்சம். அவள் கை எடுத்த படங்கள்.

"சார், அன்னிக்கி நான் இடது கண்ணையே ரெண்டு வாட்டி எடுத்துட்டேன்."

குணசேகரன் நிமிரக்கூட இல்லை. "எல்லாரும் பண்றதுதானே? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிகினு இருந்தீங்க?"

"தெரியுமா சார்?"

"அடுத்த வாரம் ஐதராபாத்துல நம்ம ஆராய்ச்சிய நடத்துற பெரிய டாக்டர் பேசப்போறாரு. ஆயிரத்து இருநூறு குழந்தை, கெட்டுப்போன படம் ஒண்ணுகூட இல்லன்னு. நீ ஒண்ணு பண்ணு. அந்தக் குடும்பம் ஆந்திராவுக்குக் குடிபோயிடுச்சின்னு போட்டுடு. எல்லைய தாண்டினா நகரி. எவன் போய்த் தேடப் போறான்?"

"கண்ணு போயிடும் சார்."

"ஒரு கண்ணுதானே? இன்னொண்ணு நல்லாதானே கீது?" என்றவர் விரலை ஒவ்வொன்றாக நக்கினார்.

அம்சா படி இறங்கி, சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலை தமிழ்செல்வியையும் அவள் கணவன் ஆனந்தனையும் குழந்தையோடு சென்னைக்கு ரயில் ஏற்றினாள். அங்கே ஒரு பெரிய கண் மருத்துவமனை. 'நல்ல டாக்டரிடம் காட்டிவிடலாம்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். எப்படியும் பார்த்ததும் சரிசெய்துவிடுவார்கள். பழைய கதை எதற்கு?

"தாய்ப்பால் ஒரு சொட்டு வுட்டா கண்ணு தெளியும்னு எங்க ஊர்ல சொன்னாங்க. நீதான் வுடக் கூடாதுன்ன" என்றான் ஆனந்தன். நெற்கதிர் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவன். ஒருநாள் வேலையை விட்டு வந்திருந்தான். "இப்போ பாரு. படிச்சவங்க பேச்ச கேட்டுகினு நாங்க அலையறோம்."

"சும்மா இரு பாவா" என்று தமிழ்செல்வி அதட்டினாள். "அக்கா இல்லன்னா நமக்கு இங்க யார தெரியும்? லீவு போட்டுகினு வந்துகீறாங்க. நீ சாப்புடுக்கா." பொட்டலத்தைப் பிரித்து இட்லியை நீட்டினாள்.

அம்சா வாங்கிக்கொண்டாள். நன்றியோடு கொடுத்த அந்த இட்லியை ஒரு வாய் பிட்டுத் தின்றாள். குணசேகரன் விரல் நக்கியது நினைவுக்கு வந்தது. தானும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

டாக்டர் அனுராதா சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மத்தியானம் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

"கட்டி எதுவும் இல்லை. லென்ஸ்ல புரை. குழந்தைங்களுக்கும் வரும், அபூர்வமா."

"மின்ன நல்லாதாங்க இருந்துச்சி." ஆனந்தன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆராய்ச்சி கார்டை எடுத்து நீட்டினான். "தோ பாருங்க, போட்டோகூட ஒட்டிகீறாங்க."

டாக்டர் வாங்கிப் படித்தார். வலது கண்: இயல்பு. இடது கண்: இயல்பு. நெற்றியைச் சுருக்கினார்.

"அஞ்சாம் நாள் கண்ணு சுத்தமா இருந்திருக்கே? அப்படின்னா நடுவுல வந்திருக்கு. இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்துச்சுன்னு தெரியாம கத்தி வைக்க முடியாது. ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரிசல்ட் வர பதினஞ்சு நாள் ஆகும். அதுக்கப்புறம் வாங்க."

"ஆங், சரிங்க" என்று ஆனந்தன் எழுந்தான்.

அம்சா எழவில்லை. "டாக்டர், பொறந்ததுலருந்தே இருந்திருந்தா?"

"இன்னைக்கே சேர்த்திருப்பேன். ஒரு கண்ணுல மட்டும் புரை இருந்தா ஆறு வாரத்துக்குள்ள எடுக்கணும். விட்டா மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிடும். அப்புறம் எடுத்தாலும் பார்வை தேறாது."

முப்பத்தேழு நாள். மிச்சம் ஐந்து. தமிழ்செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாக்கா, போலாம்" என்றாள்.

"அந்தப் படம் வலது கண்ணு இல்ல டாக்டர்" என்றாள் அம்சா. "ரெண்டுமே இடது கண்ணு. வலது கண்ணு விழல. நான்தான் இடதையே மறுபடி எடுத்தேன். மச்சத்த பாருங்க."

டாக்டர் கார்டை விளக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை இரண்டு விரலால் பிடித்து, அழுக்குத் துணியைப் போடுவதுபோல் மேஜையில் போட்டார்.

"எத்தனை குழந்தைக்கு இப்படிப் பண்ணியிருக்கீங்க?"

"நெனவு இல்ல டாக்டர்."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவள் காதிலேயே விழுந்தது.

டாக்டர் மணியை அடித்தார். நர்ஸிடம் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். நாளை மறுநாள் காலை அறுவை. "எடுத்தாலும் வருஷக்கணக்கா கண்ணாடி, நல்ல கண்ணுக்குக் கட்டுன்னு பார்த்துக்கணும். முழுசா தெரியும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா நேரத்துக்கு வந்துட்டீங்க" என்று தமிழ்செல்வியிடம் சொன்னார். அம்சாவின் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "நீங்க எல்லாத்தையும் எழுதுங்க. உங்க கையால. நான் அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பறேன்."

ஆனந்தன் பற்களைக் கடித்துக்கொண்டு வெளியே போனான். தமிழ்செல்வி போகவில்லை.

"அன்னிக்கி படம் எடுத்துட்டு சிரிச்சியே" என்றாள். "ரெண்டு கண்ணும் ஜோரா கீதுன்னு சொல்லிட்டு சிரிச்சியே, எதுக்கு?"

அம்சா மேஜையில் கிடந்த கார்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது தலைய நான்தானே புடிச்சிகினு இருந்தேன். இப்படி திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்புன்ன. நானும் திருப்பினேன். என் புள்ள கண்ண மறைக்க என் கையையே புடிக்க வெச்சிட்டியேடி!"

அம்சாவின் மடியில் இருந்த குழந்தையின் துணிப்பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, நர்ஸின் பின்னால் போனாள்.

அம்சா எழுத ஆரம்பித்தாள். கனகம்மாசத்திரம், கே.ஜி.கண்டிகை, பள்ளிப்பட்டு. அடம்பிடித்து அழுத குழந்தைகள், அவசரமாகக் கிளம்பிய வீடுகள், பெற்றவளின் பெயர். நினைவுக்கு வந்தவரை எழுதினாள். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டன. இன்னொரு தாள் கேட்க நாக்கு கூசியது.

கேட்டாள்.