சாம்பல் பூத்த முகூர்த்தப் பட்டு

என் சித்தி மகன் ஆலனுக்குச் சென்னையில் சினிமாப் படங்களுக்குக் கலர் சரிசெய்கிற வேலை. அந்தப் பெருமை தாங்காமல் என் கல்யாணத்தை வாடகை சினிமா கேமராவில் எடுத்தான். பாலவனத்தம் சர்ச்சுக்குள் யாரும் போனைத் தூக்கக் கூடாது, ஃப்ரேமில் விழும் என்று சட்டம் வேறு. பாதிரியாரையே நகர்ந்து நிற்கச் சொன்னான் என்றால் பாருங்கள்.

மாதக்கணக்கில் வீடியோ வரவில்லை. "இருக்குறத அப்படியே குடுலே" என்று நான் கத்தவும் ஒரு ஹார்ட் டிஸ்க்கை நீட்டினான். அதில் வீடியோவே இல்லை. எல்லாம் 'டி.பி.எக்ஸ்' என்கிற சினிமாக்காரர்கள் ஃபைலாம். ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம், ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல். எங்கள் வீட்டு லேப்டாப் திக்கித் திணறி ஓட்டியதில், என் வீட்டுக்காரர் சாலமோன் தாலியை எடுத்து என் கழுத்துக்குக் கொண்டுவருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. போகட்டும். படம் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்ததே, அதுதான் கொடுமை.

இந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். லேப்டாப் திரையைப் போனில் பிடித்துக் குவைத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே நர்ஸாக இருப்பவர் அவருடைய அக்கா, என் மதினி சவுந்தரம். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. ஆனால் முகூர்த்தப் பட்டு அவர் எடுத்துக் கொடுத்ததுதான். நல்ல ரத்தச் சிவப்பு.

உடனே போன் வந்தது. "நான் எடுத்துக் குடுத்தது செவப்பு. நீ சாம்பக் கலர்ல நிக்கிற. எம் பட்டு பிடிக்கலையாக்கும்?"

"அய்யோ மதினி, அது லாக்குல இருக்கு. கலரப் பெறகுதான் கொண்டுவரணுமாம்" என்றேன், ஆலன் சொல்லிக்கொடுத்தபடியே. கலரை வெளுக்க வைத்து எடுக்கிற சினிமா முறைக்கு 'லாக்' என்று பேராம்.

"லாக்கா? யாரு லாக் பண்ணது? சாவி யாருட்ட இருக்கு?"

சாட்சிக்குத் தம்பியைக் கேட்டார். இந்தப் புண்ணியவான் தலையைச் சொறிந்துகொண்டு, "செவப்பாத்தான் இருந்திருக்கும்க்கா. நான் கவனிக்கல" என்றார். அடப்பாவி மனுஷா! பீரோவிலிருந்து அந்தப் பட்டுச்சேலையையே எடுத்து வீடியோ காலில் காட்டினேன். "பாத்தியாலே சாலமோனு, கட்டாம பீரோவுக்குள்ளயே வச்சிருக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதோடு என்னிடம் பேச்சே நின்றுபோனது. ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மாமியார் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே பெரிய மனுஷி அவர்தானே.

டிசம்பர் லீவுக்கு மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆலனைக் கம்ப்யூட்டரோடு வரவழைத்தேன்.

வந்தவன் மதினி பக்கத்தில் உட்கார்ந்து எதையோ திருகினான். சாம்பலுக்குள்ளிருந்து என் பட்டு மெல்லச் சிவந்தது. மதினியின் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கக் கூடாதா? "இன்னும் பாருங்க" என்று சேலையைப் பச்சையாக்கினான், நீலமாக்கினான். சர்ச்சுக்கு வெளியே நின்ற கருவேலங்காட்டைக் கேரளாவாக்கினான்.

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஊருல எப்ப தம்பி இம்புட்டுப் பச்சை இருந்துச்சு? அப்ப அந்தச் செவப்பும் நீ பூசுனதுதான?"

ஆலன் அவசர அவசரமாகப் பச்சையைக் குறைத்தான். "வெளங்கிரும்" என்றேன் நான்.

மதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும் படம் அதில் அசையாமல் நின்றது. சாலமோன் முதல் முடிச்சைப் போட்டிருந்தார். மீதி முடிச்சை நாத்தனார் போட வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றது சாலமோனின் பெரியம்மா மகள்.

"இம்புட்டு வித்தை காட்டுறியே தம்பி" என்று மதினி அவளைத் தொட்டுக் காட்டினார். "இவள எடுத்துட்டு என்னைய அங்க நிப்பாட்ட முடியுமா?"

ஆலன் குரல் இறங்கிவிட்டது. "எனக்குக் கலரு மட்டுந்தாங்க தெரியும்."

அவர் கோபம் பட்டுமேல் இல்லை என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பாவமாக இருந்தது. எழுந்துபோய் அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடியை விலக்கினேன்.

"மதினி, கயிறு தளர்ந்துகிட்டே இருக்கு. அன்னைக்குப் போட்ட முடிச்சு சரியில்ல. நீங்க போடுங்க."

அவர் விரல்கள் என் பிடரியில் பட்டன. ஒரு முடிச்சு போட்டார். அதன்மேல் இன்னொன்று.

"மதினி, மூச்சு முட்டுது."

"கெடக்கட்டும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்றாவதையும் போட்டார்.