ஜேர் ஜபர் இல்லாத கல்

எனக்கு உருது பேச வரும், உருதுவில் சண்டை போட நன்றாகவே வரும், படிக்க மட்டும் வராது. ஆம்பூரில் இருபத்தேழு வருஷமாக இதை மறைத்துக் குடும்பம் நடத்தியவள் நான். பிறந்தது நாட்றம்பள்ளி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். குர்ஆன் ஓதுவேன். அதில் எழுத்துக்கு மேலும் கீழும் ஜேர், ஜபர் என்று கோடு போட்டு எப்படி உச்சரிப்பது என்று காட்டியிருக்கும். உருது எழுத்தில் அந்தக் கோடுகளைப் போடமாட்டார்கள். கோடு இல்லாவிட்டால் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் என் நாத்தனார் அஃப்ஸர் ஜஹான் ஒரு காகிதத்தை நீட்டிப் படிக்கச் சொன்னார். அவர் உருது டீச்சர். நான் முழித்தேன். "நாட்றம்பள்ளியில மாடு மேய்க்கத்தான் சொல்லிக் குடுப்பாங்களா?" என்று பத்து பேர் முன்னால் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணாடி கொண்டு வரல ஆபா, மத்தபடி எல்லாம் படிப்பேன்" என்றேன். அன்று சொன்ன பொய்யை அப்புறம் விடவே முடியவில்லை.

அந்தப் பொய்தான் சென்னையில் என்னைக் கவிழ்த்தது.

என் மகள் இஃப்ராவுக்குத் தலைப்பிரசவம். ஏழு மாதம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. பெங்களூரில் அவள் மாமியார் வீடு ஓட்டல் மாதிரி இருக்கும். சுவரெல்லாம் பழைய காலத்துப் பொருள். சம்பந்தியம்மா இங்கே வந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? இஃப்ராவுக்கென்று மாடி அறையைப் புதுசாக்கினேன். ஷூ மேல்பாகம் தைக்கும் யூனிட் வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் வாஹித் பாஷா, "திரைச்சீலை வாங்க வேலூர் போதாதா? இன்னாத்துக்கு மெட்ராஸ்?" என்றார். "உங்களுக்குத் தோலைத் தவிர இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டு ரயிலேறினேன்.

பழம்பொருள் விற்கும் அந்தச் சந்தில் ஏழு கடை ஏறி இறங்கினேன். ஏழாவது கடைக்காரர் பெயர் காசிநாதன். தூண், பீங்கான் ஜாடி, பாசி படிந்த கண்ணாடி என்று அடுக்கி வைத்திருந்தார். ஒரு மூலையில் தேக்குச் சட்டம் போட்ட வெள்ளைக் கல் ஒன்று. ஒரு முழ உயரம். மேலே பிஸ்மில்லா இருந்தது, அது எனக்குத் தெரியும். அதன் கீழே நாலு வரி வளைந்து வளைந்து, அவ்வளவு அழகு. அதில் ஒரு கோடுகூட இல்லை.

"இதுல இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க பாஷதானே, நீங்களே படிச்சி சொல்லுங்க."

பக்கத்தில் புர்கா போட்ட இரண்டு பெண்கள் விளக்கு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விரலை வரிமேல் ஓட்டினேன், உதட்டை அசைத்தேன், தலையாட்டினேன். "துஆ, எங்க பிரார்த்தனை. வீட்டுக்கு பரக்கத், செழிப்பு வரட்டும்னு எழுதியிருக்கு" என்றேன்.

காசிநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்து, இஃப்ரா படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டினேன்.

அவள் வந்த அன்று அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். "துஆடி, பிள்ளை பெறப் போறவளுக்கு நல்லது" என்றேன். "சரி அம்மி" என்றாள். வந்தவர் போனவரிடமெல்லாம் கல்லைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பெண் சரியாகத் தூங்குவதில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டு வந்தது. வெக்கை ஜாஸ்தி, அதனால்தான் என்று நினைத்தேன். புத்தி கெட்ட கழுதை நான்.

இருபத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த மதியம், அஃப்ஸர் ஜஹான் வந்தார். இஃப்ரா கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனாரை மாடிக்கு அழைத்துப் போய்க் கல்லைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"முனவ்வர், இத யாரு துஆன்னு சொன்னாங்க?"

நான் துப்பட்டா நுனியால் கல்லின் சட்டத்தைத் துடைத்தேன்.

"இது கப்ர் கல்லு. செத்தவங்க தலமாட்டுலருந்து பேத்தெடுத்துட்டு வந்து வித்திருக்கானுங்க."

"மேல பிஸ்மில்லா இருக்குதே ஆபா!"

"கப்ர்லயும் அதத்தான் எழுதுவாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கமருன்னிஸான்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசு. மொத பிரசவத்துல புள்ளையோட மவுத்தா போயிருக்கா. படிக்கிறவங்க எனக்கு ஒரு ஃபாத்திஹா ஓதுங்கன்னு கேட்டிருக்கு."

யா அல்லா! பிரசவத்தில் செத்தவள் தலைக்கல்லை என் பெண்ணின் தலைக்கு மேலே நானே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். நாத்தனார் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை. வாய்க்கு வாய் பேசுகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "இஃப்ராவுக்குத் தெரிய வேணாம், கழட்டு" என்றார். இருவரும் கல்லை இறக்கி துப்பட்டாவில் சுற்றினோம். படிக்கட்டில் பாதி இறங்கியிருப்போம்.

"அம்மி!"

இஃப்ரா சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தரையெல்லாம் ஈரம். எட்டு மாதம்கூட முடியவில்லை, பனிக்குடம் உடைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் யூனிட்டிலிருந்து ஓடி வந்து காரை எடுத்தார். கல்லோடு நாத்தனார் வீட்டிலேயே இருந்துவிட்டார். வேலூருக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். பின்சீட்டில் இஃப்ராவின் தலை என் மடியில் இருந்தது. மாதனூர் தாண்டும்போது அடுத்த வலி வந்தது. என் வாயில் ஓதல் ஏதும் வரவில்லை. பத்தொன்பது வயது, புள்ளையோட, பத்தொன்பது வயது, புள்ளையோட என்று அதுவே ஓடியது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அதை நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன் என்று ஊருக்குச் சொல்வேனா, மாப்பிள்ளைக்குச் சொல்வேனா?

"கல்ல கழட்டிட்டீங்களா அம்மி?" என்றாள்.

"எந்தக் கல்லு? ஆணி லூஸா இருந்துச்சி, அதான்..."

"பொய் சொல்லாதீங்க. நான் வந்த அன்னிக்கே படிச்சிட்டேன்."

என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்று ஐந்து வயதிலேயே அவளை நாத்தனாரிடம் உருது படிக்க உட்கார வைத்தவள் நான்தானே. அது எப்படி எனக்கு மறந்தது?

"ஏண்டி சொல்லல? பாவி, ஏண்டி சொல்லல?"

"எல்லார்கிட்டயும் துஆ, துஆன்னு சொல்லிட்டிருந்தீங்க. உங்களுக்குப் படிக்க வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். அஃப்ஸர் பூப்பி முன்னாடி நீங்க தலகுனிஞ்சி நிக்கணுமா?" வலியில் என் கையை நெரித்தாள். "அப்புறம், வாயால சொன்னா நெஜமாய்டுமோன்னு பயம்."

"இத்தன நாளும் பயந்துக்கிட்டா படுத்திருந்தே?"

"தினமும் அவளுக்கு ஃபாத்திஹா ஓதிட்டுத்தான் படுத்தேன். அவ கேட்டிருக்கால்ல. ஓதினா என்னை விட்டுடுவான்னு நெனச்சேன். இன்னிக்கி இன்னும் ஓதல அம்மி. நீங்க ஓதுங்க."

முன்சீட்டுக் கண்ணாடியில் என் வீட்டுக்காரரின் கண் கலங்கியிருந்தது தெரிந்தது. காரை இன்னும் வேகமாக விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, அவள் கேட்ட ஃபாத்திஹாவை ஓத ஆரம்பித்தேன். ஓதி முடித்து, இது இன்னார் பேருக்கு என்று பேரைச் சொல்லிச் சேர்ப்பது எங்கள் வழக்கம். அந்தப் பேர் எப்போதும் செத்தவர் பேர். எனக்கோ நாக்கு நுனியில் இஃப்ரா, இஃப்ரா என்று என் பெண்ணின் பேர்தான் வந்து நின்றது. தவறி அதைச் சொல்லிவிட்டால்? வாயைப் பொத்திக்கொண்டேன். முதலிலிருந்து ஓதினேன். பேர் வரும் இடத்தில் மறுபடியும் பயந்து நிறுத்தினேன். எத்தனை தடவை அப்படி நிறுத்தினேனோ தெரியாது. ரவிக்கை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது.

கதவு திறந்தது. "இஃப்ரா கூட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டார். "பொண்ணு பொறந்திருக்கு. எடை கம்மி, கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்கோம், மூச்சு நல்லா விடுது. தாயும் நல்லா இருக்காங்க. வாங்க பாக்கலாம்."

என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "முனவ்வர், இன்னா இன்னும் உக்காந்துட்டே? வா!"

கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். எனக்குப் பேர் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் விட்டு எழுந்திருக்க தைரியம் இல்லை. கமருன்னிஸா என்று, அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன். அப்புறம்தான் எழுந்தேன்.