எடைமேடைக்காரியின் எடை

எடைமேடைக்காரி முழங்கால் போட்டு ஜெபித்தால் செங்கல் ஏற்றிய லாரியின் எடை இருப்பாள். எழுந்து நின்றால் ஒரு துணி மூட்டையின் எடைகூட இருக்க மாட்டாள். மெக்கானிக்குகள் வந்து லாரிகளை நிறுக்கும் இரும்பு மேடைக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். மெஷினில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

வியாதி அவளுக்கு ரத்தத்தில் வந்தது. டாக்டர் நல்ல மனுஷர். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வராமல் புருஷனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். புருஷன் பக்கத்துப் பட்டறையில் வெல்டர். அன்றிலிருந்து வேலை இல்லாத நேரத்திலும் வெல்டிங் முகமூடியைக் கழற்றாமல் திரிந்தார். கண்ணை மறைக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அக்கா ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். சோப்பு தேடி அந்தப் பெட்டியைத் திறந்தபோது, மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி ஒன்று எடைமேடைக்காரியின் கையில் அகப்பட்டது.

"இது யாருக்கு அண்ணி?"

"இல்லம்மா... எதுக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

"இருக்கட்டும் இருக்கட்டும். எடை போடற கேபின் ஜன்னல்ல வெயில் மூஞ்சியில அடிக்குது. திரையா தைச்சு மாட்டிடறேன்."

அன்றைக்கே தைத்தாள். மறுநாள் வேலைக்குப் போய் மாட்டினாள்.

லாரி வராத நேரம் பார்த்து ஜெபிப்பாள். கேபினுக்குள் முழங்கால் மடக்க இடமில்லை என்பதால் வெளியே மேடைமேலேயே. ஆரம்பத்தில் அந்த ஜெபம் முழுக்க அவளைப் பற்றித்தான். பாடகர் குழுவில் இத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், யாருக்கும் எடையைக் கூட்டிக் குறைத்துப் போட்டதில்லை, ஒரு ஆராதனையும் தவறவிட்டதில்லை, இதையெல்லாம் பார்த்துச் சுகம் கொடும் ஆண்டவரே. முடித்துவிட்டு நிமிர்ந்தால் எடை காட்டும் பலகையின் சிவப்பு எண்கள் பூஜ்யத்தில் நிற்கும். அவள் உடம்பின் எடையைக்கூட மேடை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் சத்தமாக ஜெபித்தாள். பூஜ்யம்தான்.

அப்படி ஒருநாள் ஜல்லி ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று மேடையேறியது. காலி வண்டியை நிறுக்கும்போது டிரைவர் இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கே தப்பாகிவிடும். இவர் இறங்காமல் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டிருந்தார்.

"இறங்குங்கண்ணே! உங்களையும் சேர்த்தா நிறுக்கறது?"

"வெறும் தொப்பைதானக்கா, அது என்ன பெரிய எடை."

"அதுதான் முக்கால்வாசி. இறங்குங்க!"

லாரி போய்விட்டது. அவள் போட்ட சத்தம் மட்டும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. ஆண்டவர் முன்னால் இத்தனை நாளும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது யார்? மேடைக்குப் போய் மண்டியிட்டு, கொதிக்கிற இரும்பில் நெற்றியை வைத்தாள்.

"ஆண்டவரே, இறங்கிட்டேன். காலி வண்டிதான் நிக்குது, என்கிட்ட ஒண்ணுமில்ல. நீங்க எதை ஏத்துறீங்களோ அதுதான் லோடு. ஆனா நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன். அந்த ரிப்போர்ட் கூப்பிட்டா வரமாட்டேன். அண்ணி கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

சிவப்பு எண்கள் ஏற ஆரம்பித்தன. மேடை முனகியது.

அண்ணிக்கு அது புரியவில்லை. கடைசி நேரம் சொந்தபந்தத்துக்கு நடுவில் இருக்கட்டும் என்று, அவளைத் தன் ஊருக்கே கூட்டிப்போக ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டாள். வண்டி மேடைக்கு முன்னால் வந்து நின்றபோது எடைமேடைக்காரி ஜெபத்தில் இருந்தாள். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை. பக்கத்துக் கிடங்கிலிருந்து லோடு தூக்குகிற வண்டியைக் கொண்டுவந்தார்கள். அவள் அப்படியே இருந்தாள், வண்டியின் பின்சக்கரம்தான் அந்தரத்தில் எழும்பியது. வெல்டர் ரொம்ப நாளைக்குப் பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"விடுக்கா. அவ ஆமென் சொல்லட்டும்."

அவள் ஆமென் சொன்னாள். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்தாள்.

"வண்டிய நிறுக்கணுமா? இல்லேன்னா ஓரமா எடுங்க, பின்னாடி லாரி நிக்குது."

வருஷங்கள் ஓடின. வியாதியும் போகவில்லை, அவளும் போகவில்லை. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தியதில்லை. பழைய டாக்டர் ஓய்வு பெற்றார். புதியவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார், அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அவள் முழங்கால் படுகிற இடத்தில் இரும்பு குழிந்துவிட்டது. அதை வெல்டர் அடைக்கவில்லை. அண்ணி இப்போதெல்லாம் ஊரிலிருந்து வந்தால் அவளும் பக்கத்தில் முழங்கால் போடுகிறாள். எண்கள் கொஞ்சம்தான் கூடுகின்றன, ஆனாலும் கூடுகின்றன.

போன வாரம் அந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்த டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்தார்.

"மேடையில வண்டியே இல்ல, எடை காட்டுது பாருங்கண்ணே!"

"அக்கா ஜெபத்துல இருக்காங்க," என்றார் முன்னால் நின்ற தொப்பைக்காரர். "ஹாரன் அடிக்காம இறங்கி நில்லு."

அவர் இறங்கி நின்றார்.